பிண்டாத் துறையில் தந்த உப்பு

அன்புள்ள சோனாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? உன் தம்பி மகாயாவும் என்னோடு பத்திரமாக இருக்கிறான், பயப்படாதே.

நேற்று துறையில் வெள்ளைக்காரப் பாதிரியார் வரிசையாக ஆட்களின் நாக்கில் உப்பு வைத்து ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். உப்புத் தின்றவனுக்கு நம் கொங்கோவில் எவ்வளவு மரியாதை! மகாயாவும் ஆசைப்பட்டுப் போய் நின்றுவிட்டான். அது கப்பலில் ஏற்றவிருந்த அடிமைகளின் வரிசை.

நான் ஓடினேன். "உப்பு தின்னுட்டான்ல? இனிமே என் சரக்கு," என்று கப்பல்காரன் சிரித்தான். "ஆத்துமா தப்பிச்சிருச்சே, அது போதாதாப்பா?" என்று பாதிரியார் விரலை அங்கியில் துடைத்தார். இவர்களோடுதான் எட்டு வருஷம் கூடி உட்கார்ந்து கள் குடித்திருக்கிறேன்.

விற்கக் கொண்டுவந்த இரண்டு யானைத் தந்தங்களையும் கொடுத்து இவனை மீட்டேன். "மத்தவங்க, மச்சான்?" என்று கேட்டான். என்னிடம் இருந்ததே இரண்டுதான்.

இங்கே சோறு இறங்கவில்லை. நீ காயவைத்த மீன் கொஞ்சமும், நீ போர்த்திப் பழகிய துணி ஒன்றும் அனுப்பு. சுமைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், முடிக்கிறேன். உன் தம்பி ஆற்றங்கரையில் இன்னும் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறான்.

உன் லுகோக்கி