பெட்டிக்குள் கிடந்த பெல்ட்

என் உயிரான சபுரா அக்காவுக்கு, உன் தம்பியின் ஸலாம்.

நேற்று உன்னை அடக்கிய கபுர்ஸ்தானுக்கு வந்திருந்தேன். ஸலாம் சொன்னேன், துஆ ஓதினேன். அதற்குமேல் பேச வாய் வரவில்லை. அதனால்தான் இன்று வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. தெருமுனைக் கொள்முதல் களத்தில் நெல் தூற்றும் மெஷின் காலையிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. பதர்த்தூசி வழக்கம்போல நம் வீட்டுக்குள்தான் வந்து குடியேறுகிறது. உன் வீட்டுக்காரர், என் அருமை மச்சான், மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறார் என்று பொய் சொல்ல மாட்டேன். உன் மகள் ரமீஜா முழுகாமல் இருக்கிறாள். இதை உன் காதில் யார் போடுவார்கள் என்று அவள் அழுதாள்.

நான் துபாயை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் முகம் பார்க்க முடியவில்லை. டிக்கெட் கிடைத்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். உன் வீசிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மச்சான் சொல்கிறார். அப்படித்தானா அக்கா?

நேற்று முன்தினம் உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. ஓத வருகிறவர்கள் உட்காரக் கூடத்துக் கம்பளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றாள் ரமீஜா. பரண்மேல் இருந்த வேக்குவம் கிளீனரை இறக்கினேன். உன் பழைய புடவையால் சுற்றி, குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரி வைத்திருந்தாய்.

அதை நான் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? விளக்குமாறு எடுத்தாலே உனக்கு மூச்சு முட்டும் என்று கம்பளத்தோடு சேர்த்துக் கொண்டுவந்தேன். ஓட்டிக் காட்டினேன். மூலையிலிருந்து தொடங்கி, மெஷினின் கரண்ட் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தேன். கால்தடம் விழாமல் வேலையை முடிக்க அதுதான் வழி. "ஏன்டா பின்னாலயே போறே, விழுந்து வைக்கப்போறே" என்று சிரித்தாய். கம்பெனியில் யாரோ இப்படிச் செய்வதைப் பார்த்தேன் என்றேன்.

யாரோ இல்லை அக்கா. நான்தான். இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர் ஆபீஸ்களில் கம்பளம் கூட்டினேன், கக்கூஸ் கழுவினேன். உங்களிடம் சொன்னபடி கணக்கு எழுதியதே இல்லை.

அத்தா உழுத குத்தகை நிலம் கேஸில் கைவிட்டுப் போன வருஷம்தான் நான் விமானம் ஏறினேன். ஆட்சி மாறினால் நிலமும் திரும்பும் என்று அத்தா நம்பிக்கொண்டிருந்தார். ஆட்சி மாறியது, நிலம் திரும்பவில்லை. "நெலம் போனா போவுது, எம்புள்ள துபாய்ல ஆபீஸ்ல உக்காந்திருக்கான்" என்று டீக்கடையில் சொல்ல ஆரம்பித்தார். அவர் அப்படிச் சொல்லட்டும் என்று முதல் கடிதத்திலேயே பொய் எழுதினேன். அவர் மௌத்தான பிறகாவது திருத்தியிருக்கலாம். கூச்சமாக இருந்தது. ஊரே 'அக்கவுண்ட்ஸ் நிஜாம்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

மெஷின் பழுதான அன்று உன் போன் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். "நிஜாமு, மெஷினு ஓடுது, அடியில உள்ள ப்ரஷ்ஷு மட்டும் சுத்த மாட்டேங்குது. ரப்பர் கருகுன மாதிரி ஒரு வாசன வந்துச்சு. இரு, சத்தத்தக் கேளு" என்று போனை மெஷின் பக்கத்தில் பிடித்தாய். கேட்கவே தேவையில்லை. பெல்ட் அறுந்துவிட்டது. மோட்டாரையும் ப்ரஷ்ஷையும் இணைக்கிற ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். மாற்றப் பத்து நிமிஷம் ஆகாது. என் சட்டைப் பையில் அப்போதே இரண்டு பெல்ட் கிடந்தன.

ஆனால் உனக்குப் பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது. ரமீஜாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தாய்மாமன் அக்கவுண்ட்ஸில் இருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லியிருந்தீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தால்? எந்த ஸ்குரூவைக் கழற்ற வேண்டும் என்று ஒரு கணக்குப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

நான் என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. "எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் ஆபீஸ்ல உக்காந்து எழுதுறவன். அது கூட்டுற பயலுவ வேல. தூக்கி ஓரமா போடு, வேற வாங்கி அனுப்புறேன்" என்றேன்.

நீ மெஷினை அணைத்தாய். பிறகு, "சரிடா. நீ சாப்ட்டியா?" என்றாய்.

வேறு மெஷின் அனுப்பவில்லை. ரமீஜா கல்யாணத்துக்கு வந்தபோது என் பெட்டியில் பெல்ட் இருந்தது. வீடு நிறையச் சனம். எடுத்துக் கொடுத்தால் கேள்வி வரும் என்று வெளியிலேயே எடுக்கவில்லை. அது என்னோடு வந்து என்னோடே துபாய்க்குத் திரும்பிப் போனது. நீ முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கொல்லையில் கம்பளத்தைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தாய். உன் இருமலை உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே பிரியாணி தின்றவன் நான்.

நேற்று முன்தினம் மெஷினைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினேன். அறுந்த பெல்ட் இருக்கும் என்று பார்த்தால், அந்த இடத்தில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு வளையம். இரண்டு முனையையும் சேர்த்துக் கெட்டி நூலால் தைத்திருந்தாய். உன் தையல் எனக்குத் தெரியாதா? பாதியில் கருகி அறுந்திருந்தது. கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ரமீஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும் மாமா" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"நீங்க கம்பியத் தோள்ல போட்டுக்கிட்டுப் பின்னாலயே நடந்தீங்கள்ல, அன்னிக்கு. 'இது ஒரு நாள் ரெண்டு நாள் செஞ்ச கை இல்லடி. என் தம்பி இந்த வேலதான் பாக்குறான், யார்ட்டயும் வாயத் தொறக்காத'ன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் போனே போட்டாங்க. நீங்க அப்படிச் சொன்னதும், 'அவனா சொல்லட்டும். நாம கேட்டா புள்ள கூசிப் போயிருவான்'னு விட்டுட்டாங்க."

அக்கா, நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருமிக்கொண்டிருந்தாயா? நான் கூட்டுகிறவனைப் பயல் என்று திட்டியபோது, அந்தப் பயல் நான்தான் என்று தெரிந்துகொண்டேவா 'நீ சாப்ட்டியா' என்று கேட்டாய்? ஒரு வார்த்தை அதட்டியிருக்கக் கூடாதா?

பெட்டியிலிருந்து பெல்ட்டை எடுத்தேன். மோட்டார்த் தண்டில் மாட்டி, ப்ரஷ்ஷை வளையத்துக்குள் விட்டு, கட்டைவிரல் வலிக்கும்வரை இழுத்துப் பள்ளத்தில் உட்காரவைத்தேன். முறுக்கிக்கொள்ளவில்லையா என்று கையால் சுற்றிப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் ப்ரஷ் சுற்றியது. அதற்குள் மச்சான், சம்பந்தி, ஓத வந்தவர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, மூலையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து முடித்தேன்.

"நல்லா பழகுன கை மாதிரி இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் சம்பந்தி.

"என் வேலையே இதாங்க. துபாய்ல கூட்டுற வேலதான் பாத்தேன். அக்கவுண்ட்ஸுன்னு சொன்னது பொய்" என்றேன். மச்சானைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சம்பந்தி கம்பளத்தைத் தடவிப் பார்த்தார். "எங்க வீட்டு மெஷினும் இப்புடித்தாங்க நின்னு கெடக்கு. வந்து பாத்துத் தர்றீங்களா?" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. மச்சான் பாய் விரிக்கப் போனார், ஓத உட்கார்ந்தார்கள். இதற்குப் பயந்துதான் உன்னைத் தூசியில் விட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நீ எப்போதோ மன்னித்திருப்பாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. களத்தில் நெல் தூற்றுகிற காலம் முழுக்க உன் கூடத்தை நானே கூட்டுவேன். ரமீஜாவின் குழந்தை அந்தக் கம்பளத்தில்தான் தவழும். மாமன் துபாயில் என்ன வேலை பார்த்தார் என்று அது கேட்கிற நாளில், என் வாயாலேயே சொல்வேன்.

நீ தைத்த அந்த வளையத்தை எறியவில்லை. பெல்ட் கிடந்த அதே பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஆமாம் அக்கா, சாப்பிட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உனக்குத் தெரிந்தே இருந்த உன் தம்பி,
கூட்டுகிற நிஜாம்