இரண்டாவது சாவி

மார்ச் 3, திங்கள்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பத்து மணிக்கு வருகிறேன் என்ற பிளம்பர் ஒரு மணிக்கு வந்தார். "பத்துன்னா பத்து மாதிரி டீச்சர்" என்றார். கணக்கு டீச்சரிடம் சொல்கிற பதிலா இது. ஓவிய டீச்சரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தேன். ஆசிரியர் அறையில் இருபத்தெட்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், முதல் மணியிலேயே எடுப்பவள். உடம்பு சரியில்லையோ?

மார்ச் 5, புதன்

நேரில் போனேன். மரக்கதவைத் திறந்தாள், கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே ஃபோனைக் காட்டினாள். என் ஈமெயில் முகவரியிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம். போன வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அனுப்பியது.

'நீ ஒரு நாளும் பாடம் எடுக்கவில்லை, கலர் பென்சில் பங்கிட்டாய். உன் வீட்டுக்காரர் இறந்ததால் எல்லோரும் பாவம் பார்த்தார்கள். உனக்குக் கிடைத்த சிறந்த ஆசிரியர் விருது வெறும் கருணை மதிப்பெண்.'

"இதை நான் அனுப்பலை" என்றேன்.

"கருணை மதிப்பெண்ணுன்னு உன்னைத் தவிர யாருடி எழுதுவா?"

கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். அடித்து மூடியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், அனுப்பிய கடிதங்களின் வரிசையில் அது முதலில் நிற்கிறது. இதை நான் எழுதவில்லை. எவனோ என் கணக்குக்குள் புகுந்து எழுதியிருக்கிறான். அவன் எவனாக இருந்தாலும் விடப்போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பிள்ளையை அடித்ததில்லை. இன்று கை ஊறுகிறது. சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, மறுபடியும் கேள்வித்தாள் தயார் பண்றியா?" என்றார். ஆமாம். ஒரே ஒரு மாணவனுக்கு.

மார்ச் 8, சனி

கடைவீதி முனையில் கணினி ரிப்பேர் கடை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. "முப்பத்திரண்டு மார்க்ல நிறுத்தினீங்களே, ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்றார். இருக்கிறது. மூன்று மார்க் சும்மா போட எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய கணினியில் என் கணக்கைத் திறக்கச் சொன்னார். பாஸ்வேர்டை அடித்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"டீச்சர், எழுத்து எழுத்தா சத்தமா சொல்லிக்கிட்டே அடிச்சீங்க. கடையில ரெண்டு பேர் நிக்கிறாங்க."

எனக்கே தெரியவில்லை. கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிய பழக்கம். கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமே. கைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கிற கம்பியை ஓய்வு பெற்றபோது யாரும் கழற்றி வாங்கிக்கொள்ளவில்லை.

அப்படியானால் வேறு எங்கே சொன்னேன்? என் வீட்டைத் தவிர ஒரே இடம்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்க அலுவலகம். ஜனவரியில் பென்ஷன் படிவம் அச்செடுக்க அங்கேயிருந்த கணினியில் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் சங்கச் செயலாளர். விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், அந்தக் காலத்திலிருந்தே எங்களுக்கு அவர் 'விசில்'. அலுவலகம் திறப்பது செவ்வாய், வெள்ளி, காலை பத்து முதல் ஒன்று வரை. கடிதம் போனது வெள்ளி, பதினொன்று பத்து.

"பாஸ்வேர்டை உடனே மாத்துங்க" என்றார் கடைக்காரர். மாட்டேன் என்றேன். மாற்றினால் விசில் கையை விரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு அவர் கையும் களவுமாக அகப்படவேண்டும்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். கட்டைவிரல் அளவு, தட்டையானது, பர்ஸில் சில்லறை போடுகிற பைக்குள் அடங்கிவிடும். பாதுகாப்புச் சாவி. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் கணினி அத்தோடு விடாது, இந்தச் சாவியைக் கேட்கும். செருகி, நடுவில் உள்ள வட்டத்தைத் தொட்டால்தான் உள்ளே விடும்.

எனக்கு உடனே புரிந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன்' என்று யார் குரலிலும் சொல்லலாம், பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கும் சேர்த்துச் சொல்லலாம். அதுதான் பாஸ்வேர்டு. எழுந்து கரும்பலகைக்கு வா என்றால் அந்த ஆளே வரவேண்டும். அதுதான் சாவி.

"இப்படி நீங்க அல்ஜீப்ராவுக்கும் சொல்லியிருந்தா நான் பாஸ் ஆயிருப்பேன்" என்றார்.

யாராவது சரியான பாஸ்வேர்டைப் போட்டு, சாவி இல்லாமல் நின்றால் என் ஃபோனுக்குத் தகவல் வருமாம். அது போதும். வேறு கணினிகளில் என் கணக்கு திறந்து கிடந்ததையெல்லாம் அவரே மூடிவிட்டார். ஒன்று தொலைந்தால் நானே வெளியில் நிற்கவேண்டியதுதான், அதனால் இரண்டு வாங்கச் சொன்னார். "இன்னொண்ணை வீட்ல வைக்காதீங்க. நம்பிக்கையான ஆள்கிட்ட குடுத்து வைங்க."

நம்பிக்கையான ஆள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்தாம் தேதிப் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. அடிக்காமல் விடுகிறேன், இருக்கட்டும்.

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். ஆறு வருடம் முன்பு, விருது அவளுக்கு என்று அறிவித்த அன்று. பட்டியலில் என் பெயரும் இருந்தது. எழுதினேன், அனுப்பவில்லை. மறுநாள் பூங்கொத்தோடு போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். கடிதம் வரைவுகளில் கிடந்தது. ஏன் அழிக்கவில்லை? தெரியவில்லை. அழிக்கவில்லை.

விசில் ஒரு பொத்தானை மட்டும் அழுத்தியிருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

10.52. ஃபோன் அதிர்ந்தது. 'உங்கள் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் நுழைய முயன்றார். தடுக்கப்பட்டது.' அவ்வளவு சந்தோஷம். டம்ளர் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் டிகாஷனை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

11.20, 11.22, 11.31. மூன்று முறை. தவித்துப்போயிருக்கிறார். தவிக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

பத்தரைக்கே சங்க அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். சும்மா உட்காரக் கூடாதே என்று ரேஷன் அட்டையைப் பன்னிரண்டு நகல் எடுத்தேன். 11.05க்கு ஃபோன் அதிர்ந்தது. தெருவைக் கடக்க இருபது எட்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஓசையில்லாமல் உள்ளே போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். காப்பி அடிக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால் அப்படித்தான் நிற்பேன்.

திரையில் என் முகவரி. அதன் கீழே, உங்கள் சாவியைச் செருகவும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

பர்ஸைத் திறந்து சாவியை எடுத்து அவர் விசைப்பலகைமேல் வைத்தேன். "இதைத்தானே தேடுறீங்க சார்?"

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "டீச்சர், நீங்களா... இது, சும்மா, நெட் வருதான்னு..."

"என் பேர்ல பார்த்தாத்தான் நெட் வருமா?"

அப்புறம் எல்லாம் வந்தது. சங்கத்தின் வாசிப்பு அறையை மூடி வாடகைக்கு விடவேண்டும் என்பது அவருடைய திட்டம். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கையைத் தூக்குறீங்க, எந்தத் தீர்மானமும் நகரலை. ஒருத்தர் வராம இருந்தா போதும்னு நினைச்சேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆனா ஒரு எழுத்துகூட நான் சேர்க்கலை டீச்சர். இருந்ததை அனுப்பினேன்."

அந்தக் கடைசி வரிக்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. உட்காரச் சொல்லி, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மன்னிப்பு எழுதச் சொன்னேன். எழுதினார். ஆறாவது வரியில், 'கடிதம் டீச்சர் பல வருடம் முன்பு எழுதி வைத்திருந்தது' என்று இருந்தது. என் பையில் இன்றும் சிவப்புப் பேனா இருக்கிறது. அந்த வரியை அடித்தேன்.

"அது உண்மைதானே?" என்றார்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்க."

நல்ல தாளில் மறுபடி எழுதவைத்தேன். அடித்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் கிழிக்கவில்லை?

மார்ச் 29, சனி

மாதக் கூட்டம். ஓவிய டீச்சருக்கு வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். விசில் எழுந்து நின்று படித்தார். குரல் கம்மியது. "கடைசி வரிசைக்குக் கேக்கலை" என்றேன். முதலிலிருந்து மறுபடி படித்தார். இனித்தது. அப்படியில்லை என்று இங்கே எழுத மாட்டேன்.

ராஜினாமா செய்வதாகச் சொன்னார். அதை ஏற்கக் கூடாது என்று நானே முன்மொழிந்தேன். எல்லோரும் என் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். பெருந்தன்மையாம். போய்விட்டால் மறந்துவிடுவார். மாதாமாதம் எங்கள் எதிரில் உட்கார்ந்து, நாங்கள் பேசுவதைக் குனிந்து எழுதட்டும். வாசிப்பு அறையும் பிழைத்தது.

கூட்டம் முடிந்ததும் ஓவிய டீச்சர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உன்னைப் போய் சந்தேகப்பட்டேனேடி. கருணை மதிப்பெண்ணுன்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நாற்காலிகளை அடுக்கவேண்டும் என்று கையை உருவிக்கொண்டேன். அவள் கை சில்லென்று இருந்தது.

மார்ச் 31, திங்கள்

கருணை மதிப்பெண் வாங்கியவள் நான்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒரு உறையில் சிவப்புக் கோடு போட்ட தாளை வைத்தேன். கூடவே இரண்டாவது சாவி. 'அடித்த வரிதான் உண்மை. சாவி தொலைந்தால் உதவ ஒருவர் வேண்டும் என்றார்கள். எனக்கு வேறு ஆள் இல்லை. வேண்டாமென்றால் குப்பையில் போட்டுவிடு' என்று எழுதினேன். அவள் வீட்டு அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒன்றும் இல்லை. ஃபோன் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பிளம்பர். வேறு வாஷர் போடவேண்டுமாம்.

இதற்கும் விசிலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் இல்லாவிட்டால் அது வரைவுகளிலேயே கிடந்திருக்கும். நானும் நல்லவளாகவே செத்திருப்பேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்றரைக்கு அழைப்பு மணி. அவள்.

என் வீட்டுக்காரர் எழுந்து, "இந்தா வரேன், பால் வாங்கணும்" என்று நழுவிவிட்டார். வீட்டில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள், காப்பி வேண்டாம் என்றாள்.

"கலர் பென்சில் பங்கிட்டேன்னு எழுதினியே. அது எனக்கு வலிக்கலை. பங்கிட்டேன்தான். யாரும் பென்சில் இல்லாம உக்காரக் கூடாதுன்னு பங்கிட்டேன். அவர் செத்ததை இழுத்தே பார், அதுதான்."

"ஆமாம்" என்றேன்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலை."

"சரி."

கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தாள். வீட்டுச் சாவி, பீரோ சாவி. அவற்றோடு என் சாவியும் தொங்கியது. அதன்மேல் மஞ்சள் வண்ணத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்திருந்தாள், மற்றதோடு குழம்பாமல் இருக்க.

"இது என்கிட்ட இருந்தா, நீ எழுதறதை எல்லாம் நான் படிக்கலாமா?"

"சாவி மட்டும் போதாது. பாஸ்வேர்டும் வேணும்."

"அதைத்தான் நீ ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுவியே" என்றாள். சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

கடைக்காரர் ஒரு மாதமாக நச்சரிக்கிறார் என்று இன்று பாஸ்வேர்டை மாற்றினேன். வரைவுகள் முழுவதையும் அழித்தேன், பதினான்கு இருந்தன. பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்து கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தாள். புதிய பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சத்தமாகச் சொல்லித்தான் அடித்தேன்.