துணி மடிக்கும் யுனிவர்சிட்டி

அப்பாவுக்கு வணக்கம்.

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

கறுப்பு அங்கி போட்ட என் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறீர்களாம். தங்கச்சி சொன்னாள். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம், "பெரியவன் யுனிவர்சிட்டியில படிச்சு முடிச்சுட்டான்" என்று வேறு சொல்கிறீர்களாம்.

அப்பா, நான் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கம்பெனியில். உடைந்த தள்ளுவண்டிகளைப் போட்டு வைத்திருக்கும் பின்னறைக்கு முதலாளி வைத்த பெயர்தான் யுனிவர்சிட்டி. அங்கே படுக்கை விரிப்பு மடிக்கப் பழக்கினார்கள். சம்பளத்தைக் கூட்டித் தரச் சொன்னோம். அதற்குப் பதிலாகப் பட்டமளிப்பு விழா நடத்திவிட்டார்கள். இருந்தது ஒரே அங்கி. அதையே எல்லோருக்கும் மாற்றி மாற்றி மாட்டிப் படம் எடுத்தார்கள்.

"விரிப்புக்கே பட்டம்னா, தலையணை உறைக்கு டாக்டர் பட்டம் தருவானுங்கடா" என்றான் பக்கத்து மெஷின்காரன். நீங்களும் சிரிப்பீர்கள் என்றுதான் படத்தை அனுப்பினேன்.

வாய் கூசாமல் யுனிவர்சிட்டி என்று சொல்ல முதலாளியால் முடியும். நமக்கு வேண்டாம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்மை தெரிந்தால் தங்கச்சி தலையில்தான் விடியும்.

நீங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதை போனில் பதிவு செய்து அனுப்பத் தங்கச்சியிடம் சொல்லுங்கள். சமைக்கும்போது கேட்பேன். கம்பெனி வண்டி வந்துவிட்டது. படத்தைக் கழற்றிவிடுங்கள். ஆணி மட்டும் இருக்கட்டும், நிஜமாகப் படித்துவிட்டு நானே வந்து மாட்டுகிறேன்.

உங்கள் பெரியவன்