சான்றிதழ் வாங்காத மூன்று வருடம்

ஜனவரி 3, வெள்ளி

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் வந்துவிட்டது. என் சின்னவள் தனப்பிரியாவுக்கு அறிவியலில் இருபத்தாறு. புரட்டிப் பார்த்தேன். எழுதிய பதில் எதுவும் தப்பில்லை. இருபத்து நான்காம் கேள்விக்கான பதிலை இருபத்தொன்பது என்று எண் போட்டு எழுதியிருக்கிறாள். கேள்வித்தாள் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு.

சாயங்காலம் தீர்த்தகிரி சார் வீட்டுக்கே வந்தார். கண், காது குறையுள்ள பிள்ளைகளுக்காகச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் வண்டியில் போய்வரும் சிறப்பாசிரியர். "ஏனுங்கம்மா, பாப்பாவுக்கு மாற்றுத்திறனாளின்னு ஒரு சான்றிதழ் மட்டும் வாங்கிக் குடுங்க. பப்ளிக் எக்ஸாம்ல அவ சொல்லச் சொல்ல எழுத ஒரு டீச்சரைப் போடுவாங்க. கூட ஒரு மணி நேரமும் உண்டு. சட்டத்துல இருக்குதுங்க" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். பவர் கொஞ்சம் ஜாஸ்தி. கண்ணாடி மாத்தினாச் செரியாப் போயிரும்" என்றேன்.

வாய் கூசவில்லை. பழகிவிட்டது.

ஜனவரி 4

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அஸ்தம்பட்டி கண் டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, கண்ணாடியால் ஆகாது, அரசுச் சான்றிதழ் வாங்கி வையுங்கள் என்றார். அந்த ஃபைலைக் கொண்டுவந்து பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அப்போதுதான் பெரியவள் ரஞ்சிதாவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தோம். தங்கைக்குக் கண் போகிறது என்று தெரிந்தால் எங்கள் சொந்தத்தில் கேட்கும் முதல் கேள்வி "பரம்பரையில இருக்குதுங்களா?" என்பதுதான். அப்புறம் ஜாதகம் திரும்பி வந்துவிடும். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். பெரியவ கல்யாணம் முடியட்டும்.

இன்னும் முடியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ரஞ்சிதாவைப் பார்க்க ராசிபுரத்திலிருந்து வந்தார்கள். காலையிலேயே சின்னவளை இளம்பிள்ளையில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் பேருந்து ஏற்றிவிட்டேன். "நான் வேணும்னா ரூமுக்குள்ளயே இருந்துக்கறேம்மா. வெளிய வரமாட்டேன்" என்றாள். டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "சின்ன பாப்பா எங்கீங்க?"

"ஸ்பெஷல் கிளாசுங்க."

காபித் தட்டோடு நின்ற ரஞ்சிதா சொன்னாள்: "இல்லீங்கத்தை. மாமன் ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவளுக்குக் கண்ணு தெரியறது கொறஞ்சிட்டே வருதுங்க. நீங்க பார்த்திருவீங்கன்னுதான்."

கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். "தகவல் சொல்றமுங்க."

அவர்கள் போனதும் கத்தித் தீர்த்தேன். உன்னை யாரடி கேட்டா? உனக்காகத்தானடி இத்தனையும் — என்றேன். "எனக்காகன்னா என்னை ஒரு நாளாவது கேட்டியா?" என்றாள்.

ஜனவரி 22

போன் வந்தது. அவர்களுக்குச் சம்மதமாம்.

"எல்லா ஊட்டுலயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தானுங்க செய்யுது" என்றார் அந்த அம்மா. "ஆனா சர்டிபிகேட்டு, உதவித்தொகைன்னு போயி ஊருக்கெல்லாம் தெரியற மாதிரி மட்டும் பண்ணீராதீங்க. நாளைக்கு எங்களுக்கும் பேச்சு வரும்."

இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான். பொய் எதற்கு, சந்தோஷம்தான்.

ஒரு மணி நேரம் கழித்துத் தீர்த்தகிரி சார் கூப்பிட்டார். ரஞ்சிதா அவரிடமும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை சேலத்தில் சான்றிதழுக்கான மருத்துவ முகாம். அதை விட்டால் இந்த வருடத் தேர்வுக்கு ஒன்றும் செய்ய முடியாதாம்.

ஜனவரி 23

குழம்பில் உப்புப் போட்டேனா என்று ஞாபகமில்லை. இவர் உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஜனவரி 24, வெள்ளி

போனேன்.

இவர் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார். "இந்தச் சம்பந்தம் போனா இன்னொண்ணு வருமின்னு நெனச்சியா?" என்றார். "வராமயே போகட்டுங்க. சின்னவ பெயிலாயி ஊட்டுல உக்காந்தா, அதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வண்டியைச் சுற்றிக்கொண்டு அவள் கையைப் பிடித்து நடந்தேன்.

முகாமில் டாக்டர் எட்ட நின்று நான்கு விரல் காட்டினார். தனப்பிரியா "ரெண்டு" என்றாள். கிட்டே வந்து மூன்று காட்டினார். அவள் பேசவே இல்லை. பார்வை இழப்பு எழுபத்தைந்து சதவீதம் என்று எழுதினார்கள். நான் நாற்பது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்புறம் தினமும் எப்படிப் பள்ளிக்கூடம் போய் வந்தாய் என்று கேட்டேன்.

"காலடி எண்ணித்தாம்மா" என்றாள்.

பாவி நான்.

பிப்ரவரி 3

பள்ளியில், தேர்வெழுத உதவி வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் அனுப்பியாகிவிட்டது என்று கைவிரித்தார்கள். தீர்த்தகிரி சாரோடு கல்வி அலுவலகத்துக்குப் போனேன். தனப்பிரியாவும் வந்தாள். நான்கு மணிக்குமேல் உள்ளே கூப்பிட்டார்கள்.

"இது அந்தப் பாப்பாவோட உரிமைங்க சார். சலுகை கேட்டு வரலீங்க" என்றார் தீர்த்தகிரி.

"மூணு வருசமா என்னங்க பண்ணுனீங்க? தாமதம் யாரால?" என்று அதிகாரி கேட்டார்.

தீர்த்தகிரி சார் வாய் திறக்குமுன் நானே சொன்னேன். "என்னாலதானுங்க. பெரியவ கல்யாணத்துக்காக மறைச்சு வெச்சேன். பள்ளிக்கூடத்து மேலயும் தப்பில்லீங்க, இவ மேலயும் தப்பில்லீங்க." எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள் தனப்பிரியா. வாசித்தேன்.

பிப்ரவரி 11

ராசிபுரத்திலிருந்து ஜாதகம் திரும்பி வந்தது. ரஞ்சிதா உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். இவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பிப்ரவரி 20

அனுமதி வந்துவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

தமிழ்த் தேர்வு. தரைத்தளத்தில் அவளுக்குத் தனி அறை. இவர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். வாயே திறக்கவில்லை, ஆனால் படி இருக்கும் இடத்தில் மட்டும் அவள் தோளைத் தொட்டார்.

மற்றவர்களெல்லாம் போன பிறகும் வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். இரண்டேகாலுக்கு வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"நல்லா எழுதினேம்மா. மொதல்ல அவசர அவசரமாச் சொன்னேன். அந்த டீச்சர், 'மெதுவாச் சொல்லு சாமி, நேரம் இருக்குது'ன்னாங்க" என்றாள். "நான் சொல்றதைக் கேக்க நேரம் இருக்குதுன்னு இதுவரைக்கும் என்கிட்ட யாரும் சொன்னதில்லம்மா."

இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு, அவள் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.