விட்டுப்போன துணைக்கால்

நாக்பூர்
4-11-2007

லீலாவதி டீச்சருக்கு,

சதாசிவம் எழுதுவது. நலமா என்று கேட்கும் வரியை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறீர்கள். ‘சமூக வலைத்தளங்களால் நன்மையா, தீமையா? ஓர் ஆசிரியரின் பார்வை.’ அடேயப்பா! கணக்கு வாத்தியாராக இருந்த என்னை எது பள்ளியை விட்டுத் துரத்தியதோ, அதைப் பற்றி என்னிடமே கட்டுரை! அதோடு, ‘பழசை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் சார்’ என்று ஒரு வரி வேறு. ஆக, நடந்தது தப்பு என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அப்புறம் ஏன் வாயைத் திறக்கவில்லை?

தீமையை முதலில் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, டில்லி கோல் மார்க்கெட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைப் பாடத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். அன்று கிரிக்கெட். மூன்று பேர் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மதராசி கேம்ப் குடிசைகளிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள் அம்பிகா ஒருத்திதான். என் மனைவி இந்திராணி அவளுக்கு உப்புமா கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு மாதமாகப் புரியாத கணக்கு அன்று அந்தப் பெண்ணுக்குப் பிடிபட்டது. அந்தச் சந்தோஷத்தில் போகிற வழியில் சைபர் கஃபேயில் நுழைந்து, சிநேகிதியின் வலைத்தளப் பக்கத்தில் எழுதிவிட்டாள்: ‘சண்டே சார் வீட்டுல பாடம் எடுத்தாரு. நான் மட்டும்தான். செம ஜாலி.’

எழுதியது ஆங்கில எழுத்தில், ‘padam’ என்று. அதில் படமும் பாடமும் ஒன்றுதான். ‘ப’வுக்குப் பக்கத்தில் துணைக்கால் போட அங்கே வழி இல்லை. டில்லியில் பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் எழுதும். ஆனால் நீங்கள்? இருபது வருஷமாகக் குறில் நெடில் நடத்துகிற தமிழ் டீச்சர், அதைப் ‘படம் எடுத்தாரு’ என்று படித்தீர்கள்! உங்கள் மகள் இளவரசி கணினியில் காட்டினாளாம், உடனே அச்செடுத்துத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தீர்களாம். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கீரை ஆய்ந்தவளையாவது கேட்டிருக்கலாமே.

சாயங்காலத்துக்குள் அந்த வரிக்குக் கீழே நாற்பது பேர். ‘போட்டோ எங்கே, எங்களுக்கும் காட்டு’ என்று ஆரம்பித்து, இங்கே எழுதக் கூசுகிற வார்த்தைகள் வரை. முகமே தெரியாதவர்கள் கூடி ஒரு பதினேழு வயதுப் பெண்ணைக் கிழித்துப் போட்டார்கள். என்னை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இந்திராணி தன் ஆபீஸில் நாக்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கிளம்பும் முன் இந்திராணியைக் கூட்டிக்கொண்டு அம்பிகாவின் அம்மா பொன்னியிடம் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நாலு வூட்ல பாத்திரம் தேய்க்கிறேன் சார், நாலு வூட்லயும் உன் பொண்ணு போட்டோ கம்ப்யூட்டர்ல இருக்காமேன்னு கேக்கறாங்க. நான் க்யா கரூன், என்ன பண்ணட்டும், சொல்லு” என்றாள். பாடம்தான் என்று எவ்வளவோ சொன்னோம். “ஸ்கூலுக்குக் கூப்ட்டு டீச்சரம்மாவே படிச்சுச் சொன்னாங்களே” என்று கதவைச் சாத்திவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு உங்கள் வாய்தான் சாட்சி. அடுத்த வாரமே மகளை விருத்தாசலம் பக்கம் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

நன்மையும் ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். போன வியாழக்கிழமை அதே பாழாய்ப்போன வலைத்தளத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. விருத்தாசலத்தில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கடையிலிருந்து அம்பிகா. ‘சார், தை மாசம் மாமாவோட எனக்குக் கல்யாணம். நான் படிக்கணும்.’ அவ்வளவுதான். நாலு நாளாக அதையே திறந்து திறந்து படிக்கிறேன் டீச்சர். ‘படி’ என்று ஒரு வார்த்தை பதில் போடலாம். நான் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? கை வரவில்லை.

தேர்வுப் படிவம் வாங்க இருபதாம் தேதி கடைசி என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்குள் நீங்கள் மதராசி கேம்ப்புக்குப் போக வேண்டும். தலைமையாசிரியரையோ வேறு ஆளையோ அனுப்பாதீர்கள். பொன்னி திட்டுவாள், வாங்கிக்கொள்ளுங்கள். ‘நான் தப்பாகப் படித்துவிட்டேன், உன் மகள் எழுதியது பாடம்’ என்று அக்கம்பக்கத்துப் பெண்களும் கேட்கும்படி சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவளோடு ரயிலேறி அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

என் பெயரைச் சுத்தம் செய்ய வேண்டாம். எனக்கு அந்த வேலையும் வேண்டாம். அவள் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள் என்று ஒரு தபால் அட்டை போடுங்கள், போதும். உங்களை வாழ்த்த இன்று எனக்கு மனசில்லை. ஆனாலும் இரண்டு கையையும் கூப்பித்தான் கேட்கிறேன்.

உங்களை இன்னும் மன்னிக்காத,
சதாசிவம்