நிபுணர் பேசி முடித்தபோது

மல்காஜ்கிரி,
ஞாயிறு

என் அன்பானவருக்கு,

நேற்று ஜெயிலுக்கு வந்தேன். நீங்கள் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்றீர்களாம், வார்டர் சொன்னார். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று பாப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்தார்களா?

அந்தத் துப்பாக்கி நிபுணர் கோர்ட்டில் எவ்வளவு பொறுமையாகப் பேசினார்! பாலாநகர் ஃபேக்டரி கேட்டில் செத்தவன் உடம்பில் இருந்து எடுத்த குண்டு, வாட்ச்மேனான உங்கள் துப்பாக்கியில் இருந்துதான் வந்தது என்று குண்டின் மேல் இருந்த கீறல்களைப் பெரிய போட்டோக்களில் காட்டி விளக்கினார். "வேறு துப்பாக்கியிலும் இதே கீறல் விழலாமே?" என்று நம் வக்கீல் கேட்டார். "இருபது வருட சர்வீஸில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை" என்றார். ஜட்ஜ் எழுதிக்கொண்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தவறவில்லை என்று அவருக்கு யார் சொன்னது? வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் எனக்கே அது தோன்றியது. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

நீங்கள் சுடவில்லை. எனக்குத் தெரியாதா?

அவர் முடித்ததும் நான் தலையாட்டினேனே, அவர் சொன்னது புரிந்தது என்றுதான் ஆட்டினேன். அவ்வளவு தெளிவாகச் சொன்னார். ஜட்ஜ்கூட ஆட்டவில்லை. அந்த நேரம் பார்த்தா கூண்டில் இருந்து நீங்கள் என் பக்கம் திரும்பவேண்டும்?

சனிக்கிழமை மறுபடி வருகிறேன்.

உங்கள் மனைவி