தொட்டிக்குள் ஒரு மாப்பிள்ளை

மே 6

தொட்டியில் ஒரு விரல் அளவு வற்றியிருந்தது. கண்ணாடியில் மாப்பிள்ளை ஒட்டிவைத்த சிவப்பு டேப் வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றினேன். கடல் தொட்டிக்கு எதற்கு நல்ல தண்ணீர் என்று முதல் நாள் கேட்டிருந்தேன். "தண்ணிதான் மாமா ஆவியாகும், உப்பு உள்ளயே தங்கிடும்," என்றார். அதைவிட நீளமாக அவர் என்னிடம் பேசியதாக ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லையென்றால் பேசவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிச் சரக்கை ஏற்றி இறக்கியவன். அவர் லிப்ட் மெக்கானிக், ஆட்களை ஏற்றி இறக்குகிற தொழில். பேச எவ்வளவோ இருக்க வேண்டும். அவர் உப்பு கலக்குவார், மகள் கண்ணாடி துடைப்பாள், நான் தண்ணீர் ஊற்றுவேன். பிறகு மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்ப்போம். ஆயுசு முழுக்கக் கடலின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். அதன் வயிறு இந்த ஹாலில் இருக்கிறது. கல் என்று நினைத்த பவளம் வாயைத் திறந்து தின்கிறது.

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஜோடி ஒன்று இருக்கிறது. பெரியதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். அதன் பின்னாலேயே போகிற சின்னது பொண்ணு. "எந்த மாப்பிள்ளைப்பா?" என்று மகள் கேட்பாள். வீட்டில் இருப்பவர் அவர், தொட்டியில் இருப்பவன் அவன். இதில் என்ன குழப்பம்? இரண்டு பேரும் பேசாதவர்கள்.

எழுத்து வாசனை இல்லாத எனக்கு மகள் போனில் இந்த வழியைக் காட்டிக்கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. தேதியையும் தானே போட்டுக்கொள்கிறது. சரியாக எழுதுகிறதா என்பது அதற்கே வெளிச்சம்.

மே 9

மாப்பிள்ளை என் கையைக் கடித்துவிட்டான். தண்ணீர் ஊற்றப் போன கை.

மே 13

இவனுக்கு என்னதான் வந்தது? பொண்ணு பானைப் பக்கம் வந்தால் விரட்டுகிறான். தொட்டி மூலையில் ஒரு மண்பானையைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம், அதை இரண்டும் சேர்ந்து கொத்திக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. அப்புறம் திடீரென்று ஒரு மோதல். பொண்ணு ஒருக்களித்து உடம்பைக் கிடுகிடுவென்று ஆட்டுகிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அடிக்கிறவனோட எல்லாம் குடும்பம் நடத்தச் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை கடையில திருப்பிக் குடுத்துடுங்க." மாப்பிள்ளை, "சரி," என்றார். வீட்டு மாப்பிள்ளை.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பகலில் இவர்கள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும் அவனும்தான். நான் நாற்காலியை இழுத்தால் கண்ணாடிக்கு வந்துவிடுவான். கடித்தாலும் அவன் என் ஆள். ஆனால் சின்னதை அடிக்கிறானே, எந்த முகத்தோடு சிபாரிசு செய்வேன்?

மே 15

மானம் போயிற்று.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, சின்னதாக்கித் தரச் சொல்லிக் கொடுத்த யூனிபார்ம் பேண்ட்டைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தாளாம். "உங்களுக்குத் தைக்கிற கை எனக்கு இல்ல," என்றாளாம்.

பின்னாலேயே மகள் வந்தாள். "லிப்ட்டுல அந்தம்மா என் கையப் புரட்டிப் புரட்டிப் பாக்குறாங்கப்பா. காயம் எங்கடின்னு கேக்குறாங்க. எதுவானாலும் நான் இருக்கேன்னு கண்ணு கலங்குறாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தினமும் பால்கனியில் நின்றுதான் போனிடம் சொல்கிறேன். அவள் மிஷின் பக்கத்துப் பால்கனியில். மாப்பிள்ளை அடிக்கிறான், பொண்ணு நடுங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை திருப்பி அனுப்பப்போகிறோம் — எல்லாம் நான் சொன்னதுதான். அவர், அவன் என்கிற என் கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்? வயிற்றெரிச்சலில் மருமகனை அவன் என்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளை பேண்ட்டை மடித்து வைத்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மே 16

தையல்காரம்மாவைக் கூட்டிவந்து தொட்டியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்தத் தடியனா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது," என்றாள். பேண்ட்டை வாங்கிக்கொண்டு போனாள். வீட்டு மாப்பிள்ளை முகம் இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறது.

மே 18, ஞாயிறு

மாப்பிள்ளை வலையை எடுத்தார். நான் மூடிபோட்ட வாளியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் போகப்போகிறவன் கண்ணாடிக்கு வந்து என்னைப் பார்த்தான்.

வலையோடு அவர் கை பானையை நெருங்கியதுதான் தாமதம். "ஆ," என்று உதறினார். கடித்தது அவன் இல்லை. பொண்ணு. இத்தனை நாள் அடி வாங்கி நடுங்கிய அந்தப் பொண்ணு. மறுபடி கையை விட்டார், மறுபடி கடி. அவர் குனிந்து பானைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மாமா, இங்க வாங்க."

ஆரஞ்சு நிறத்தில், ஒட்டவைத்த மணிகள் மாதிரி, ஒரு திட்டு முட்டை. பொண்ணு அதன்மேல் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது.

மகள் கடைக்காரருக்குப் போன் போட்டாள். சத்தமாக வைத்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இந்த ஜாதியில பெருசு எதுவோ அதுதாம்மா பொம்பள. வெளிய சுத்திக்கிட்டு, கிட்ட வர்றவங்கள விரட்டும். சின்னதுதான் ஆம்பள, பக்கத்துலயே காவல் இருக்கும். உடம்ப ஆட்டுறது, நீதான் பெரியவள்னு ஒத்துக்கறது. இதெல்லாம் அதுங்க குடித்தனம்மா, நீங்க ஏன் பஞ்சாயத்து பண்றீங்க?"

போனை வைத்த பிறகு மாப்பிள்ளை மெதுவாக, "அப்ப மாமா, மாப்பிள்ளைக்குப் பிரசவம் ஆயிருக்கு," என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள். அவர் பல்லை நான் கல்யாணப் போட்டோவுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வலை தரையில், வாளி தரையில், மூன்று பேரும் தரையில்.

மே 19

என் வீட்டுக்காரி என்னைவிட ஒரு சாண் உயரம். மகள் பிறந்த புதிதில், பச்சை ரவிக்கை போட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். யாரையும் உள்ளே விடமாட்டாள், என் தங்கையைக்கூட விரட்டினாள். உள்ளே நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் மறக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் கண்ணெதிரே அதே குடித்தனம் நடக்கும்போது அடையாளம் தெரியவில்லையே எனக்கு.

மே 26

முட்டைகளில் வெள்ளியாகக் கண் தெரிகிறது. குஞ்சு பிழைப்பது கஷ்டம், ஆசையை வளர்க்காதீர்கள் என்று கடைக்காரர் சொன்னார். மாப்பிள்ளை கேட்பதாக இல்லை. யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலை என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கிரேனுக்கு பிரேக் எங்கே இருக்கும் மாமா, கம்பி அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒன்று மாற்றி ஒன்று. சாப்பாடு ஆறிப்போயிற்று என்று மகள் சத்தம் போட்டாள்.

பேரை மாற்றிவிடலாமா என்று அவளே கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று மாப்பிள்ளைதான் சொன்னார். எந்த மாப்பிள்ளை என்று இனிமேல் போனுக்கு விளக்க வேண்டியதில்லை. மீன் பேசாது. இவர் பேசுகிறார்.